லோவா, ஹையா?

"ரீசெட் லோவா, ஹையாடா மச்சி?"

மேடையேறி மாப்பிள்ளையின் கையைக் குலுக்கிக்கொண்டே நிரஞ்சன் காதருகில் கேட்டது இதைத்தான்.

லஸ் பக்கத்தில் ஒரு கல்யாண மண்டபம். மாலை ரிசப்ஷன். மறுநாள் காலை முகூர்த்தம். நிரஞ்சனுக்குப் பின்னால் பரிசுப் பொட்டலங்களோடு வரிசை, படியிறங்கி, பந்தி நடக்கும் கூடத்தின் வாசல்வரை போயிருந்தது.

"இப்பவாடா?" என்றான் சுஹாஸ், சிரிப்பைக் கலைக்காமல்.

"இப்பவேதான்."

இருவரும் கிண்டியில் ஒரே கம்பெனி. சுஹாஸ் சர்க்யூட் போர்டு வடிவமைப்பவன். அதில் லினக்ஸை ஓட வைப்பவன் நிரஞ்சன்.

புது போர்டில் ஒரு யூஎஸ்பி ஹப் இருந்தது. கீபோர்டு, கேமரா எல்லாம் அதன் வழியாகத்தான். ஆனால் அப்படி ஒன்று இருப்பது லினக்ஸின் மையமான கெர்னலுக்குத் தானாகத் தெரியாது. எழுதிக் கொடுக்க வேண்டும். ஹப் எங்கே இருக்கிறது, அதற்கு யார் கரண்ட் கொடுக்கிறார்கள், ரீசெட் செய்ய அதன் கம்பியில் வோல்டேஜ் இறங்க வேண்டுமா, ஏற வேண்டுமா, அதாவது லோவா, ஹையா.

அந்த விவரம் கெர்னலில் சேர்ந்தால்தான் போர்டுகளை வாங்குவோம் என்று வெளிநாட்டுக்காரர்கள் சொல்லிவிட்டார்கள். கெடு இன்றோடு முடிகிறது. அந்த ஆர்டர் போனால் கம்பெனியும் போய்விடும். முதலாளி குலாம் ரசூல் முன்வரிசையில் பாதாம் பாலைக் குடிக்காமல் கையில் பிடித்தபடி மேடையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நிரஞ்சன் அனுப்பிய விவரம் ஆறு முறை திரும்பி வந்திருந்தது.

கெர்னலில் சேர்க்கும் முன் சரிபார்த்துத் திருப்பி அனுப்பியவர் பெயர் என். ராஜகோபாலன். வோல்டேஜ் தப்பு என்றார். ஹப்பில் ஒயர் செருகும் போர்ட்டுகளின் எண்ணிக்கை தப்பு என்றார். நிரஞ்சன் ரீசெட் 'லோ' என்று எழுதினான், திரும்பி வந்தது. 'ஹை' என்று எழுதினான், அதுவும் திரும்பி வந்தது.

மூன்றாவதாக ஒன்று இருப்பதாக அவனுக்குத் தெரியவில்லை.

சோதித்துப் பார்க்கவும் வழியில்லை. இருந்த ஒரே சாம்பிள் போர்டை, அவர் கேட்டார் என்று கூரியரில் அனுப்பிவிட்டதாகச் சுஹாஸ் சொன்னான். வரைபடத்தைக் கேட்டால், "எதுக்கு? நான்தான் வாயால சொல்றேனே" என்பான். மனுஷர் கோபமாக மெயில் போட்டால், "நீ விடு, நான் பேசிக்கறேன்" என்று அவனே பதில் எழுத உட்கார்ந்துவிடுவான். நல்ல நண்பன்.

என். ராஜகோபாலனை, அமெரிக்காவில் பிள்ளை வீட்டில் பொழுது போகாமல் உட்கார்ந்திருக்கும் ரிட்டயர்டு பெரியவராகத்தான் நிரஞ்சன் நினைத்து வைத்திருந்தான். கனவில் ஒருமுறை அவர் சட்டையைப் பிடித்தும் இருக்கிறான்.

"சொல்லித் தொலைடா, கீழ பாரு, பாய் அழுதுடுவாரு."

"ஹை" என்றான் சுஹாஸ்.

"லோ" என்றது வேறொரு குரல்.

மணப்பெண். அவள் கேமராவைப் பார்த்தபடி சிரித்துக்கொண்டிருந்தாள்.

"இந்தத் தடவையும் தப்பா எழுதினா மறுபடியும் திருப்பி அனுப்புவேன், நிரஞ்சன்."

பெண் அடையாறு, ஏதோ கம்ப்யூட்டர் வேலை என்று மட்டும்தான் சுஹாஸ் சொல்லியிருந்தான். நிரஞ்சன் திரும்பி, மேடைக்குப் பின்னால் பூவில் கோத்திருந்த பெயரை முதல் தடவையாக ஒழுங்காகப் படித்தான். நீரஜா.

"நீங்களா என். ராஜகோபாலன்?"

"ராஜகோபாலன் எங்கப்பா. உங்க போர்டு எங்காத்துல டிவி பக்கத்துல இருக்கு. இவரே நேர்ல கொண்டுவந்து குடுத்தார்." அவள் குரலில் மெயிலில் இருந்த அதே கண்டிப்பு. "வரைஞ்ச மனுஷர் உங்க பக்கத்து சீட்ல உக்காந்துண்டிருக்கார். அவரைக் கேட்டு எழுதப்படாதா?"

"ஒவ்வொரு தடவையும் அவனைக் கேட்டுதாங்க எழுதினேன்."

நீரஜாவின் சிரிப்பு நின்றது.

"இன்னா சார், பேசிக்கினே கீறீங்க? பின்னாடி லைன் நிக்குது பாருங்க" என்றார் போட்டோகிராபர்.

யாரும் நகரவில்லை. நீரஜா, மாலை உரச, மெதுவாகச் சுஹாஸ் பக்கம் திரும்பினாள். அவன் நெற்றியில் வியர்வை சந்தனத்தைக் கரைத்துக்கொண்டிருந்தது.

"இன்னிக்கு வந்தது பழக்கதோஷம். முதல் தடவையே சரியா சொல்லியிருந்தா," என்றான் அவன், "நீ ரெண்டாவது மெயில் போட்டிருக்கவே மாட்டியே."

கூட்டத்தில் ஒரு குழந்தை பலூனை உடைத்தது. பெண்ணின் அப்பா என்னவோ ஏதோ என்று மேடையை நோக்கி நடக்க ஆரம்பித்தார். முகூர்த்தம் நாளைக்குத்தான் என்பது நிரஞ்சனுக்கு ஞாபகம் வந்தது. இன்னும் எதுவும் முடிந்துவிடவில்லை.

நீரஜா சோபாவில் கிடந்த பட்டுப்பையைத் திறந்து தன் போனை எடுத்தாள்.

"'லோ'ன்னு மாத்தி அனுப்புங்கோ. இப்பவே."

நிரஞ்சன் நின்ற இடத்திலேயே அனுப்பினான். அவள் மருதாணி விரலால் மேலிருந்து கீழ்வரை படித்தாள். வரிசை காத்திருந்தது. பிறகு எதையோ அழுத்தினாள்.

முன்வரிசையில் குலாம் ரசூலின் போன் அதிர்ந்தது. அவர் பார்த்தார். கண்ணை மூடிக்கொண்டு, பாதாம் பாலை ஒரே மூச்சில் குடித்தார்.

நிரஞ்சனுக்குக் கால் லேசானது. பரிசை சுஹாஸின் கையில் திணித்துவிட்டு இறங்கப் போனவன், இரண்டாவது படியில் நின்றான். திரும்பினான்.

"மேடம், போன மாசம் நான் 'லோ'ன்னுதானே எழுதியிருந்தேன்? அதை ஏன் திருப்பி அனுப்பினீங்க?"

சுஹாஸ் நிமிர்ந்து அவளைப் பார்த்தான்.

நீரஜாவின் முகம் கழுத்துவரை சிவந்தது. அவள் சட்டென்று கேமராவைப் பார்த்துச் சிரித்தாள்.

"பந்தி ஆரம்பிச்சாச்சு, நிரஞ்சன். போய்ச் சாப்பிடுங்கோ."