அழித்துவிட்டு எழுதும் தேர்வு

மேலாண்மைக் கல்லூரி நுழைவுத்தேர்வை மறுபடி எழுத வேண்டுமானால், முதல்முறை எழுதிய நாளை நினைவிலிருந்து அழித்துவிடுவார்கள். அதுதான் விதி. இசைவாணிக்குக் கொஞ்சம்தான் மதிப்பெண் குறைந்திருந்தது. ஆனால் தன் கணவன் அமுதனை அவள் முதன்முதலாகப் பார்த்ததும் அதே நாளில், தேர்வுக்கூட வாசலில்தான்.

“அந்த நாளே போயிடுமேப்பா,” என்றாள்.

“என்கிட்ட இருக்குல்ல? நீ தைரியமா எழுது!” என்றான் அமுதன்.

எழுதினாள். இடம் கிடைத்துவிட்டது. முடிவைப் பார்த்ததும் இருவரும் வீட்டுக் கூடத்திலேயே குதித்தார்கள். மூச்சு வாங்க உட்கார்ந்தபோது, “இப்ப சொல்லு, அன்னிக்கு நாம எப்படிச் சந்திச்சோம்?” என்று ஆவலாகக் கேட்டாள்.

அமுதன் சட்டைக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டான். “அன்னிக்கு நீதான் வெச்ச கண்ணு வாங்காம என்னையே பார்த்துக்கிட்டிருந்த...”

“புளுகு!” என்று சிரித்தாள் இசைவாணி. “சரி, மேல சொல்லு.”