முள் எழும்பும் நேரம்

காட்டுப் பள்ளியின் முதல் வகுப்புக்குக் கரடிதான் டீச்சர். அந்த வகுப்பில் சுருளி என்று ஒரு முள்ளம்பன்றிக் குட்டி இருந்தான். எங்கே மாற்றி உட்காரவைத்தாலும் பக்கத்தில் இருப்பவரைக் குத்திவிடுவான். டீச்சர் அதட்டி அதட்டி அலுத்துப்போனார். ஒருநாள் முயல்குட்டியின் காதில் முள் ஏறி ரத்தமே வந்துவிட்டது.

"நாளையிலிருந்து நீ பள்ளிக்கூடத்துக்கே வராதே!" என்று டீச்சர் கத்தினார்.

சுருளியின் முள்ளெல்லாம் விறைத்து நின்றன.

காதைப் பொத்திக்கொண்டே முயல்குட்டி எழுந்தாள். "டீச்சர், நீங்க கத்தும்போதுதான் அவனுக்கு முள்ளு எழும்புது. அவன் வேணும்னு குத்தல."

டீச்சர் நாற்காலியை விட்டு இறங்கிவந்து, சுருளிக்கு எதிரே தரையில் உட்கார்ந்தார்.

"நான் கத்தினா அவ்வளவு பயமா இருக்காடா, கண்ணு?" என்று மெதுவாகக் கேட்டார்.

சுருளி தலையாட்டினான்.

அன்று பாடம் நடக்கவில்லை. முள் ஒவ்வொன்றாகப் படியும்வரை டீச்சர் அங்கேயே உட்கார்ந்திருந்தார். முதுகு முழுக்கப் படிந்ததும், முயல்குட்டி தன் சிலேட்டை எடுத்துக்கொண்டு வந்து சுருளியை ஒட்டி உட்கார்ந்தாள்.