நாலாவது கேஸ்கெட்

பழைய ஸ்கூட்டர் இன்ஜினில் கசிவை அடைக்கும் கேஸ்கெட்டைக் கேட்டு ஒரே மாதத்தில் நாலாவது முறையாக அந்தப் பெண் வந்து நின்றதும் உதிரிபாகக் கடைக்காரருக்குப் பொறுக்கவில்லை.

"ஏம்மா, உங்க வீட்டுக்காரர் வண்டியைச் சரி பண்றாரா, பிரிச்சுப் போட்டு விளையாடுறாரா? இதுவரைக்கும் வாங்கின சாமானுக்கு வேற வண்டியே வாங்கியிருக்கலாம்."

"அவரே செய்யணும்னு பிடிவாதமா இருந்தாருங்க."

"வீம்புக்குக் காசைக் கரியாக்காதீங்க. பேசாம ஒரு நல்ல மெக்கானிக்கிட்ட விடச் சொல்லுங்க."

"அவரே மெக்கானிக்தாங்க. பதினெட்டு வருஷமா பட்டறை வெச்சிருந்தார்" என்றாள் அவள், சிரித்துக்கொண்டே.

கடைக்காரருக்கு எரிச்சல்தான் வந்தது. "பதினெட்டு வருஷமா? அப்புறம் ஏம்மா ஒரு கேஸ்கெட்டை ஒழுங்கா மாட்டத் தெரியலை?"

"போன வருஷம் பேட்டரி வெடிச்சதுல ரெண்டு கண்ணும் போயிடுச்சுங்க. கையால தடவிப் பார்த்தே வேலை செய்யறதுக்கு எங்க வண்டியை வெச்சுத்தான் பழகினார். ரெண்டு தடவை சொதப்பிடுச்சு. நேத்து மூணாவது கேஸ்கெட்டை மாட்டினதும் ஒரே உதையில ஸ்டார்ட் ஆயிடுச்சு!"

கடைக்காரர் அலமாரியிலிருந்து கேஸ்கெட்டை எடுத்து அவள் முன்னால் வைத்தார். மெல்லக் கேட்டார்.

"அப்போ, இந்தக் கேஸ்கெட் எதுக்கும்மா?"

"இது எங்க வண்டிக்கு இல்லீங்க. இன்னைக்குக் காலையில பட்டறையை மறுபடியும் திறந்துட்டோம். முதல் வண்டி வந்து நிக்குது!"