வாள் தீட்டிய கல்

கட்டாரிலிருந்து லீவில் வந்த றிபாத், சாய்ந்தமருதிலிருந்து உம்மாவை வேனில் ஏற்றிக்கொண்டு, திருத்திக் கட்டிய ஒல்லாந்தர் கோட்டையைப் பார்க்க வந்திருந்தான். உம்மாவோ பீரங்கியைத் திரும்பியும் பார்க்கவில்லை.

“வாசல் எங்க தம்பி?” என்று வழிகாட்டி வினோஜைக் கேட்டபடியே நடந்தார்.

வாசல் சுவரில் வினோஜ் ஒரு கல்லைக் காட்டினான். “இடிஞ்ச கோட்டையில இருந்து ஊராக்கள் கொண்டுபோன கல்லுகள, வீடு வீடாத் தேடி வாங்கித்தான் திரும்பக் கட்டின. இந்தக் கோடுகளப் பாருங்க. முதல் கப்பல்ல வந்த சிப்பாய்மார் வாள் தீட்டின அடையாளம்!”

றிபாத்துக்கு மெய்சிலிர்த்தது. போனை எடுத்துப் படம் பிடித்தான்.

உம்மா கல்லைத் தடவினார். “இது நான் மீன் கத்தி தீட்டின கோடு, தம்பி. எங்கட கிணத்தடிக் கல்லு. கோட்டை வாசலுக்கெண்டு சொல்லித்தான் கொண்டுபோனாங்க.”

வினோஜின் முகம் வாடியது. “அப்ப இது கோட்டைக் கல்லு இல்லையா, அம்மா?”

“கோட்டைக் கல்லுதான். மத்தப் பக்கம் பாய்க்கப்பல் ஒண்டு கொத்திக் கிடக்கு. அந்த மேடுபள்ளத்துல கத்தி தீட்ட ஏலா எண்டு நான்தான் கவுத்துப் போட்டிருந்தன். நீங்களும் கப்பல உள்ளுக்கு வெச்சுக் கட்டிட்டீங்களே!”

றிபாத் சுவரில் உள்ளங்கையை வைத்தான். ஒரு கல் தடிப்புக்கு அப்பால், இருட்டில், அந்தக் கப்பல் நின்றது.