இருபத்தோராவது பைட்

ஒரு ஸ்மார்ட் ஒப்பந்தத்துக்குள்ளே, அதாவது பிளாக்செயினில் தானாகவே ஓடும் ஒரு நிரலுக்குள்ளே, ஒரு கத்தரிக்கோல் வேலை பார்த்தது. இடத்தை மிச்சம் பிடிக்க நெருக்கித் திணித்த பைட் நாடா வரும். அதை முகவரி, எண்ணிக்கை, தேதி என்ற மூன்று பெட்டிகளுக்கும் வரிசையாக நறுக்கிப் போடவேண்டும். முகவரிக்கு இருபது பைட் போதும். கத்தரிக்கோல் பார்த்து வெட்டும் அளவுக்கல்லிலோ முகவரிக்கு இருபத்தொன்று என்று செதுக்கிவிட்டார்கள்; செதுக்கியதை இனி யாராலும் மாற்ற முடியாது. முகவரி கூடுதலாக விழுங்கும் அந்த ஒரு பைட்டால் அடுத்தடுத்த வெட்டுகள் ஒவ்வொன்றும் ஒரு பைட் தள்ளிப்போய், கடைசிப் பெட்டிக்கு ஒன்று குறைந்துவிடும்.

"அக்கா, இன்னைக்கும் எனக்கு ஒண்ணு குறையுது," என்றது கடைசியில் நின்ற தேதிப் பெட்டி.

"தெரியும் கண்ணு. நான் என்ன பண்ணட்டும்? கல்லு சொல்றபடிதானே வெட்டித் தொலைக்கணும்!" என்று அலுத்துக்கொண்டது கத்தரிக்கோல்.

தணிக்கைக்கு வந்த பூதக்கண்ணாடி, நிரம்பியிருந்த இரண்டு பெட்டிகளையும் மெச்சியது. தேதியை மட்டும் 'ஓட்டைப் பெட்டி' என்று குறித்துக்கொண்டது.

உண்மையைச் சொல்லிவிடலாமென்று கத்தரிக்கோல் வாயைத் திறந்தது. அதற்குள் அடுத்த நாடா வந்து நுழைந்துவிட்டது.