ஜோதியின் மைக்

“கையெல்லாம் கொப்புளம் சார். கிளவுஸ் வேணும்!”

ஆம்பூர் தோல் தொழிற்சாலையில், கம்ப்யூட்டர் முன்னால் நின்று ஜோதி கத்தினாள். சென்னையிலிருந்து திரையில் தெரிந்த முதலாளி காதைத் தட்டிக் காட்டினார்.

“ஒண்ணுமே கேக்கலம்மா. மைக் சரியில்ல.”

“மூணு வாரமா இதே பேஜாராப் போச்சு!” ஜோதி பல்லைக் கடித்தாள்.

பக்கத்தில் நின்றிருந்த, மீட்டிங் செயலியை எழுதிய அம்பரீன், “இருங்கக்கா, கோடிங்ல மைக் அளவை மாத்துறேன்” என்று ஒரு வரியைத் திருத்தினாள். “இப்ப மெதுவாவே பேசுங்க.”

“நாளையிலேர்ந்து நாங்க யாரும் வேலைக்கு வரமாட்டோம் சார்,” என்றாள் ஜோதி மெல்லிய குரலில்.

முதலாளி துள்ளி எழுந்தார். “அய்யோ, ஏன்? ஷிப்மென்ட் இருக்கே!”

அம்பரீனின் குரல் கொதித்தது.

“அக்கா கிளவுஸ் கேட்டப்போ மைக் அளவு நூறுல இருந்துச்சு சார். இப்ப வெறும் அஞ்சுலதான் வெச்சிருக்கேன்.”