ஆறு தொட்டி

பெரியண்ணி சொன்ன காரணத்தை ஒன்பது வருடமாக நான் நம்பவில்லை.

"தட்டு உடைஞ்சு போச்சு தம்பி. நான் என்ன பண்ணட்டும்?"

இதுதான் அந்தக் காரணம்.

பெரியண்ணன் குடும்பம் மாடியில், சின்ன அண்ணன் குடும்பம் கீழே. சின்ன அண்ணன் இறந்த பிறகு கீழே சின்னண்ணியும் மகளும் மட்டும்தான். அந்த மாதமே பெரியண்ணி ஒரு பை நிறைய மளிகைச் சாமான் கொண்டுபோய் வைத்தார். பிரிக்காத பை சாயந்திரமே மாடிப்படிக்குத் திரும்பி வந்துவிட்டது.

"யார் தயவுலயும் என் பொண்ணு வளர வேண்டாம்."

சின்னண்ணி சொன்னது என்னிடம். சத்தம் மாடிக்கு.

அன்றிலிருந்து இரண்டு பேருக்கும் பேச்சு இல்லை.

பிழைப்புக்காகச் சின்னண்ணி ஜெரேனியம் பூச்செடி வளர்க்க ஆரம்பித்தார். இருபது தொட்டி. கோடையில் கடைக்காரர்கள் வந்து பூத்த தொட்டிகளை எடுத்துப் போவார்கள். பூக்காத தொட்டியை யாரும் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள். பெண்ணின் படிப்பு அந்தப் பூவை நம்பித்தான் இருந்தது.

இதைப் பார்த்துக்கொண்டே இருந்தவர் மாதிரி, பெரியண்ணியும் மாடி பால்கனியில் ஆறு ஜெரேனியம் கொண்டுவந்து வைத்தார்.

வந்தது வினை.

ஒரு ஞாயிறு விட்டு ஒரு ஞாயிறு காலையில் பெரிய வாளி நிறைய உரத்தண்ணீர் கலந்து அந்த ஆறுக்கும் ஊற்றுவார். தொட்டிக்கு அடியில் தட்டு கிடையாது. தண்ணீர் பால்கனித் தரையில் ஓடி, ஓரம் முழுக்க வரிசையாகக் கீழே சொட்டும். நேர் கீழே சின்னண்ணியின் தொட்டிகள்.

உடனே எனக்குப் போன் வரும்.

"தம்பி, உங்க அண்ணிக்குக் கண்ணு தெரியலையா? என் செடி மேல அழுக்குத் தண்ணியைக் கொட்டுறாங்க."

"தொட்டியைக் கொஞ்சம் நகர்த்தி வைங்களேன் அண்ணி."

"நான் எதுக்கு நகர்த்தணும்? என் இடம்."

என் வீட்டிலிருந்து கிளம்பி வந்து மாடி ஏறுவேன்.

"அண்ணி, ஆறு தொட்டிக்கு ஒரு வாளித் தண்ணியா?"

"பூக்கணும்ல?"

"இந்தச் செடிக்கு மண்ணு காஞ்சு காஞ்சு நனையணும். இப்படி ஊத்தினா வேரு அழுகிடும். அதனாலதான் உங்களுது பூக்கறதே இல்ல."

"நீ ஆபீஸ்ல பைல் பாக்கறவன். எனக்குச் செடி சொல்லித் தர்றியா?"

பேப்பருக்குப் பின்னாலிருந்து பெரியண்ணன் குரல் வரும். "என்னை இதுல இழுக்காதீங்கப்பா."

மண் தட்டு ஆறு வாங்கிக் கொடுத்தேன். அடுத்த முறையும் சொட்டியது.

"உடைஞ்சு போச்சு தம்பி."

பீங்கான் தட்டு ஆறு வாங்கிக் கொடுத்தேன். அதுவும் உடைந்தது. கடைசியாகப் பிளாஸ்டிக்.

"பிளாஸ்டிக்குமா அண்ணி உடையும்?"

"வெயில்ல வெடிச்சிடுச்சு."

எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. இது வேண்டுமென்றே செய்வது என்று முடிவு கட்டினேன். திருப்பி அனுப்பிய அந்தப் பையின் கோபம் இன்னும் ஆறவில்லை. கீழே இருப்பவளின் செடி நாசமாகட்டும் என்றுதான் ஊற்றுகிறார்.

ஆனால் கீழே இருபது தொட்டியும் ஒவ்வொரு கோடையிலும் கொத்துக் கொத்தாகப் பூத்தன. மாடியில் இருந்த ஆறும் மஞ்சளடித்துப் போய், ஏன்தான் உயிரோடு இருக்கிறோம் என்பதுபோல நின்றன.

"சின்னண்ணிக்குக் கைராசி. பெரியண்ணிக்கு மனசுபோலச் செடி" என்றேன் மனைவியிடம். அவளோடு நிறுத்தியிருக்கலாம். சொந்தக்காரர்கள் நாலு பேரிடமும் சொன்னேன்.

ஒரு வருடம் பெரியண்ணி காய்ச்சலில் படுத்துவிட்டார். சின்னண்ணியிடமிருந்து போன்.

"என்ன தம்பி, மேல சத்தத்தையே காணோம்? மூணு வாரமாச் சொட்டவே இல்ல."

"நல்லதுதானே அண்ணி?"



"நல்லதுதான்" என்று சுரத்தில்லாமல் சொல்லிப் போனை வைத்துவிட்டார்.

அதைப் பற்றி யோசிக்க வேண்டும் என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை.

இந்த வருடம் சின்னண்ணியின் மகள் கடைசிப் பரீட்சை எழுதுகிறாள். போன ஞாயிற்றுக்கிழமை மாடி வீட்டுக்கு வெள்ளையடிக்க வேண்டும் என்று பரணைக் காலி செய்யப் பெரியண்ணன் என்னைக் கூப்பிட்டார். அவருக்கு முழங்கால் வலி. ஏணியில் நான்தான் ஏறினேன்.

பழைய சூட்கேஸுக்குப் பின்னால் ஒரு அட்டைப்பெட்டி. திறந்தேன்.

ஒவ்வொன்றாகச் செய்தித்தாளில் சுற்றி அடுக்கிய தட்டுகள். மண் ஆறு, பீங்கான் ஆறு, பிளாஸ்டிக் ஆறு. ஒன்றில்கூட ஒரு கீறல் இல்லை.

அவற்றுக்குப் பக்கத்தில் தீர்ந்துபோன உர டப்பாக்கள், வருடத்துக்கு ஒன்றாக. மேலே இருந்ததைத் திருப்பினேன். பெரியண்ணியின் கோணல் எழுத்து:

'பூ உரம். 20 தொட்டிக்கு. பாதி அளவு. ஒரு ஞாயிறு விட்டு ஒரு ஞாயிறு.'

ஏணியில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

"என்னடா, பாம்பு கீம்பு இருக்கா?" என்றார் பெரியண்ணன்.

இறங்கி பால்கனிக்குப் போனேன். பெரியண்ணி வாளி முன்னால் குனிந்து, ஸ்பூனில் உரத்தை எடுத்து விரலால் நிரவி, ஒரு துளி கூடாமல் குறையாமல் கலந்துகொண்டிருந்தார். கீழே சின்னண்ணி தொட்டிகளைத் தண்ணீர் சொட்டும் ஓரத்துக்கு நேராக இழுத்து வைக்கும் சத்தம் கேட்டது.

"என்ன தம்பி, மறுபடியும் தட்டுப் பஞ்சாயத்தா?"

"இல்ல அண்ணி. ஒண்ணே ஒண்ணு கேக்கணும்."

"கேளு."

"உங்ககிட்ட இருக்கிறது ஆறு தொட்டிதானே?"